காவலுக்கு வைத்த தண்ணீர்

எனக்குத் தண்ணீர் பாட்டிலைக் கண்டால் பயம். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். தண்டையார்பேட்டையில் கடை வைத்து, வெயில் காலம் முழுக்கப் பெட்டி பெட்டியாகத் தண்ணீர் விற்கிறவள் இப்படிச் சொன்னால் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனாலும் ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு பாட்டிலை எடுக்கும்போது இன்றைக்கும் என் கை தயங்குகிறது. மேசையில் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறேன். வாங்குகிறவர்கள் நான் கோபத்தில் தட்டுகிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். என் முகமும் அப்படித்தான் இருக்கும், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

எங்கள் கடை, துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரிகள் போகிற சாலையில் இருக்கிறது. உள்ளே விடும்வரை லாரிகள் வரிசையாக நிற்கும். சில நாள் ஒரு மணி நேரம், சில நாள் பொழுது முழுக்க. எஞ்சின் சூடு, தார்ச் சூடு, தலைக்கு மேல் வெயில். டிரைவர்கள் இறங்கி வந்து கேட்பது கூலிங்கான தண்ணீர் ஒன்றுதான். கடைக்குப் பின்னால் ஒரு அறை, மாடியில் ஒரு அறை, அதுதான் வீடு. என் வீட்டுக்காரரின் குடும்பம் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே கடை போட்டது. நானும் அந்தப் பக்கத்துக்காரிதான், கல்யாணமாகி வந்தவள். எங்களுக்கு ஒரே பெண். நான் சொல்லப்போகிற கத்திரி வெயிலில் அவளுக்குப் பதினோரு வயது.

அவளுக்கு ஒன்பது வயதிலேயே சர்க்கரை வந்துவிட்டது. வயதானவர்களுக்கு வருகிற மாதிரி மாத்திரையில் அடங்குகிற சர்க்கரை கிடையாது. உடம்பு இன்சுலினைச் சுரப்பதையே நிறுத்திவிட்டது. ஊசி போட்டால் உயிர், போடாவிட்டால் இல்லை. முதல் தடவை அவள் குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, வாந்தியெடுத்து, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கண் திறக்காமல் கிடந்தாள். அப்போது அவள் வாயிலிருந்து கனிந்து அழுகிய பழத்தின் வாசனை வந்தது. அந்த வாசனை என் மூக்கில் தங்கிவிட்டது. பழக்கடை வந்தால் இன்றைக்கும் எதிர்ப்பக்கம் போய் நடக்கிறேன்.

ஆஸ்பத்திரி சிஸ்டர் வீட்டுக்கு அனுப்பும்போது இரண்டு பயத்தைச் சேர்த்துக் கட்டிக் கொடுத்து அனுப்பினார். இன்சுலின் சூடு பட்டாலும் கெடும், உறைந்தாலும் கெடும். "ஒரு தடவை ஐஸ் ஆயிட்டா அவ்வளவுதாம்மா. இளகினதுக்கு அப்புறம் பார்த்தா நல்லாத்தான் இருக்கும். ஆனா வேலை செய்யாது. யோசிக்காம தூக்கிப் போட்டுடுங்க" என்றார். ஃப்ரிட்ஜுக்குள் வைக்கிற சின்னத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கச் சொன்னார். தலையை ஆட்டினேன், வாங்கவில்லை. ஃப்ரிட்ஜை வைத்துப் பிழைக்கிறவளுக்கு ஃப்ரிட்ஜைப் பற்றிப் பாடம் நடத்துகிறாராக்கும் என்று உள்ளுக்குள் ஒரு திமிர்.

மாடியில் இருந்த ஃப்ரிட்ஜ் பழையது. வோல்டேஜ் இறங்கினால் முனகிக்கொண்டு நின்றுவிடும். ஒரு முறை அப்படி நின்று, ஒரு மாத மருந்து வெந்நீரானது. அதன் பிறகு மருந்தைக் கீழே கடைக்குக் கொண்டுவந்துவிட்டேன். கடைக்குத் தனி லைன், கரண்ட் அவ்வளவு சீக்கிரம் போகாது. கண்ணாடிக் கதவு வைத்த உயரமான ஃப்ரிட்ஜ். அதில் தண்ணீரும் கூல் டிரிங்க்ஸும் மட்டும்தான் இருக்கும், பால் தயிருக்கு வேறு பெட்டி. அடித்தட்டின் மூலையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் இன்சுலின் சீசாக்கள். கல்லாவில் உட்கார்ந்தபடியே எனக்கு அது தெரியும்.

சூட்டுப் பயம் தீர்ந்தது. உறைகிற பயத்துக்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். கடையில் விற்கிற அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றை, சீல் உடைக்காமல், அந்த டப்பாவை ஒட்டி நிறுத்தினேன். அதுதான் காவல். அது ஐஸ் ஆனால் மருந்தும் ஐஸ் ஆகியிருக்கும், அது தண்ணீராக இருந்தால் மருந்துக்கு ஒன்றுமில்லை. இதைவிட எளிதான கணக்கு உண்டா? யாரும் எடுத்து விற்றுவிடக் கூடாது என்று மூடியில் சிவப்பு நூல் சுற்றினேன். கை வைத்தால் கையை ஒடித்துவிடுவேன் என்று வீட்டுக்காரரிடமும் சொல்லி வைத்தேன். அவர் கடைசிவரை அதைத் தொடவே இல்லை. காலையில் குனிந்து பார்ப்பார், நானும் பார்ப்பேன். தண்ணீராகவே நின்றது.

இந்த யோசனையில் எனக்கு அப்படி ஒரு பெருமை. மாதா மாதம் மருந்து வாங்கப் போகிற வரிசையில், வியாசர்பாடியிலிருந்து வருகிற ஒரு அம்மா எனக்குப் பழக்கம். அவளுடைய பையனுக்கும் இதே வியாதி. அவளிடம் என் காவல் பாட்டிலைப் பற்றிச் சொன்னேன். "நல்ல ஐடியாவா கீதேக்கா, நானும் வெக்கறேன்" என்றாள். அன்று வீட்டுக்கு வரும்வரை என் தலைக்கனம் இறங்கவில்லை.

கத்திரி தொடங்கி நாலைந்து நாள் இருக்கும். டிரைவர்கள் பாட்டிலைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முகம் சுளிக்க ஆரம்பித்தார்கள். "இன்னா அண்ணாச்சி, தெருக் கொயா தண்ணியே இதைவிட சில்லுனு கீது" என்று ஒருவர் சொன்னதும் என் வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஃப்ரிட்ஜுக்குள் குளிரைக் கூட்டுகிற திருகில் கை வைத்தார். வைக்கும் முன் குனிந்து மூலையைப் பார்த்தார்.

"ஏளா, காவல் பாட்டில் தண்ணியாத்தான இருக்கு? ஒரு நம்பர் கூட்டுதேன்" என்றார்.

நானும் குனிந்து பார்த்தேன். தண்ணீர்தான். கூட்டுங்கள் என்று சொன்னது என் வாய்தான். மறுநாளும் பார்த்தோம், தண்ணீர்தான். இன்னொரு நம்பர் கூட்டினார். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. கடைசி நம்பரில் போய் நின்றது. அவரை மட்டும் குற்றம் சொல்லி நான் தப்பிக்க முடியாது.

ஒரு வாரத்துக்குள் பெண்ணின் சுகர் ஏற ஆரம்பித்தது. காலையில் வெறும் வயிற்றில் நூற்றுச் சொச்சம் இருக்க வேண்டியது இருநூற்றெண்பது. மத்தியானம் முந்நூற்றுப் பத்து. விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை எடுத்து, மெஷின் எண்ணைக் காட்டும் அந்தச் சில நொடிகளில் நான் கும்பிடாத தெய்வம் கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். வெளியே ஏதாவது சாப்பிட்டாளா, பார்த்துக்கொள்ளுங்கள், மருந்தை இவ்வளவு கூட்டிப் போடுங்கள் என்றார்கள். கூட்டினேன். சுகரும் கூடியது.

வெளியே சாப்பிட்டாளா. இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. வெளியே எதற்குப் போக வேண்டும்? கடலை மிட்டாய், தேன் மிட்டாய், கமர்கட், கிரீம் பிஸ்கட் எல்லாம் அவள் படுக்கிற இடத்திலிருந்து எட்டடியில் கண்ணாடி ஜாடிகளில் இருக்கின்றன. பள்ளிக்கூடமும் லீவு. நாள் முழுக்க வீட்டில்தான் இருக்கிறாள். நான் ஜாடிகளைத் திறந்து மிட்டாய்களை எண்ண ஆரம்பித்தேன். காலையில் எண்ணுவேன், விற்றதைக் கழிப்பேன், சாயங்காலம் எண்ணுவேன். ஒன்றுகூடக் குறையவில்லை. அதற்காக நம்பினேனா என்றால் இல்லை. பக்கத்துத் தெருக் கடையில் வாங்கியிருப்பாள், எதிர்வீட்டுப் பிள்ளைகள் கொடுத்திருப்பார்கள் என்று மனசு வேறு வேறு சந்தில் ஓடியது.

"நான் எதுவும் துன்னலமா" என்றாள். கடைக்குப் பின்னால் வளர்ந்தவள், பேச்சு முழுக்கத் தெருவின் பேச்சு.

"பொய் சொல்லாத. மெஷின் பொய் சொல்லுமா?"

"சத்தியமா துன்னலமா."

இரண்டு நாள் இதே பேச்சு. நடுவில் வீட்டுக்காரர் ஒரு தடவை சிரித்துக்கொண்டே வந்தார். "ஒரு வேடிக்கை கேளு. டிரைவர் ஒருத்தர் பாட்டில வாங்கி பம்பர்ல டொக்குன்னு வச்சாரு பாரு, அப்படியே பூராவும் ஐஸ் ஆயிட்டு. எல்லாவனும் அதே மாதிரி வேணும்னு கேக்கான்" என்றார். எனக்கு வந்ததே கோபம். "புள்ளைக்குச் சுகர் ஏறிக்கிட்டுக் கெடக்கு, ஒங்களுக்கு வேடிக்கையா" என்று கத்தினேன். அவர் திரும்பிக் கடைக்குப் போய்விட்டார். காதில் விழுந்தது எனக்கு. விழுந்தும் நான் கேட்கவில்லை. இதை நினைக்காத நாளே இல்லை.

அடுத்த நாள் மத்தியானம் மெஷின் நானூற்றுப் பன்னிரண்டு காட்டியது. சோறு பரிமாற உட்கார்ந்த நான் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அழுதேன். அவள் முன்னால் அழக் கூடாது என்று ஒன்றரை வருஷமாக வைத்திருந்த வைராக்கியம் எல்லாம் போயிற்று. என் கை நடுங்கியதில் ஊசி இரண்டு முறை கீழே விழுந்தது. ஏன் ஏறுகிறது என்று தெரியவில்லையே, எனக்குத் தெரியவில்லையே என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் சுவரில் சாய்ந்துகொண்டு என்னையே பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"நான்தாம்மா துன்னேன். தேன் மிட்டாய். நாலு."

ஓங்கி ஒரு அறை விட்டேன். கன்னத்தில் என் விரல்கள் பதிந்தன. அவள் அழவில்லை. அறைந்த கை எரிந்துகொண்டிருக்கும்போதே எனக்கு மனசு லேசானது. வெட்கக்கேடுதான், ஆனால் உண்மை அதுதான். காரணம் கிடைத்துவிட்டது, ஜாடியில் ஒன்றுகூடக் குறையாதது ஞாபகத்துக்கே வரவில்லை. மிட்டாயைத் தின்றாள், சுகர் ஏறியது. ஜாடிகளைத் தூக்கி மேல்தட்டில் வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். அன்று சாயங்காலமே ஏணி போட்டு ஏறி அத்தனை ஜாடிகளையும் கூரைக்கு ஒட்டி அடுக்கினேன். மிட்டாய் கேட்டு வந்த குழந்தைகளை இல்லை என்று திருப்பி அனுப்பினேன்.

மறுநாள் காலை வீட்டுக்காரர் சரக்கு எடுக்க பாரிமுனைக்குக் கிளம்பிப் போயிருந்தார். ஆறு மணி இருக்கும். ஷட்டரைத் தூக்கிவிட்டு உள்ளே போய்ப் பெண்ணை எழுப்பினேன். எழுந்து உட்கார்ந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். வாந்தி வருது என்றாள். மெஷினில் எண்ணே வரவில்லை, 'ஹை' என்று எழுத்து வந்தது. எண்ணால் சொல்ல முடியாத அளவுக்கு ஏறினால்தான் அப்படி வரும். நேற்று மத்தியானத்திலிருந்து என் கண் முன்னாலேயே இருந்தவள். ஜாடிகள் கூரையில் இருக்கின்றன. இனி யாரை அறைவது என்று எனக்குத் தெரியவில்லை.

அவளுக்கு முகம் கழுவிவிட்டுப் படுக்கவைத்துவிட்டு, மருந்து எடுக்கக் கடைக்கு வந்தேன். வாசலில் ஒருவர் நின்றிருந்தார். காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரியில் வேலை செய்கிறவர். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் தினமும் எங்களிடம் பீடியும் தண்ணீரும் வாங்குவார். "ஒரு தண்ணி குடுக்கா" என்றார். நான் இருந்த இருப்பில் அவரைத் துரத்தியிருப்பேன். துரத்தவும் தெம்பில்லாமல் நடுத்தட்டிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேசையில் டம்மென்று வைத்தேன்.

பாட்டிலின் கழுத்தருகே ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. அங்கிருந்து கீழ்நோக்கி வெண்மை இறங்கியது. மூன்று, நாலு என்று எண்ணி முடிப்பதற்குள் அடிவரை போய்விட்டது. பளிங்காக இருந்த தண்ணீர் முழுக்கப் பனிக்கூழாக நின்றது. என் கையை அதிலிருந்து எடுக்கவே தோன்றவில்லை.

அவர் சிரித்தார். "ஃப்ரிட்ஜை ஓவரா வெச்சுக்கினு கீறீங்க போல."

"என்னது இது? இப்பத்தான தண்ணியா இருந்திச்சு?"

"தண்ணிதான்க்கா. ஆனா ஐஸ் ஆவறதுக்கு வேண்டிய குளிரு எப்பவோ வந்துட்சு. எங்க ஃபேக்டரில போர் தண்ணிய கேன்ல ஊத்துவோம். அதுல உப்பு கீது, தூசி கீது, உள்ள காத்து வேற வுட்டுகினே இருப்போம். குளிரு வந்ததும் அதைப் புடிச்சுகினு ஐஸ் கட்ட ஆரம்பிச்சிடும். இது வடிகட்டி வடிகட்டி உள்ள ஒண்ணுமே இல்லாத தண்ணி. எங்க ஆரம்பிக்கறதுன்னு அதுக்குத் தெரியாது. ஆடாம அசையாம வெச்சா எவ்ளோ குளிருலயும் சும்மா நின்னுகினு இருக்கும். ஒரு தட்டு தட்டினா முடிஞ்சுது."

"தட்டலன்னா?"

"தட்டலன்னா தண்ணியாவே நிக்கும். நாள் கணக்கா நிக்கும்."

நான் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். தரையில் உட்கார்ந்தேன். அடித்தட்டு மூலையில் சிவப்பு நூல் சுற்றிய பாட்டில், யாரும் தொடாமல், ஆடாமல் அசையாமல், தெளிந்த தண்ணீராக நின்றது. ஒரு மாதமாக நான் யாரையும் தொட விடவில்லை. மெல்ல வெளியே எடுத்தேன். உள்ளே தண்ணீர் அலம்பியது. அப்படியே இருந்துவிடு என்று அதனிடம் கெஞ்சியதாக ஞாபகம். தரையில் ஒரு தட்டுத் தட்டினேன்.

அதுவும் வெள்ளையாகிவிட்டது.

டப்பாவைத் திறந்து சீசாக்களைப் பார்த்தேன். ஒன்றில்கூட ஐஸ் இல்லை. எல்லாம் தெளிவாகத்தான் இருந்தன. பகலில் நூறு தடவை கதவைத் திறக்கிறோம், உள்ளே குளிர் குறையும். விடிய விடிய மூடிக் கிடக்கும்போது கூடும். எந்த விடியலில் உறைந்து எந்தப் பகலில் இளகியதோ, யாருக்குத் தெரியும்? பார்த்தால் நல்லாத்தான் இருக்கும் என்று சிஸ்டர் சொன்னது அப்போதுதான் முழுசாக உறைத்தது. நான் என் பெண்ணுக்கு நாள் தவறாமல், வேளை தவறாமல், கூட்டிக் கூட்டி வெறும் தண்ணீரை ஏற்றியிருக்கிறேன்.

உள்ளே ஓடினேன். அவள் சுருண்டு படுத்திருந்தாள். மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வந்தது. குனிந்து முகத்தருகே போனேன். அந்தப் பழ வாசனை.

ஐஸ் ஃபேக்டரிக்காரர் ஆட்டோ பிடித்து வந்தார். ஷட்டரை அவரே இறக்கிப் பூட்டிச் சாவியை என் கையில் திணித்தார். ஆட்டோவில் அவள் தலை என் மடியில் இருந்தது. கன்டெய்னர் லாரிகள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. ஆட்டோக்காரர் ஹார்னை விடாமல் அடித்துக்கொண்டே சந்து சந்தாகப் புகுந்தார். நான் அவளிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தேன். உன் பெயர் என்ன, அப்பா பெயர் என்ன என்று கேட்டேன். மூன்றாவது தடவை கேட்டபோது பதில் வரவில்லை. அந்தப் பயத்துக்கு நான் இன்னும் வார்த்தை கண்டுபிடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் வாசலிலேயே ஸ்ட்ரெச்சரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். என்ன சாப்பிட்டாள் என்று இங்கேயும் ஒருவர் கேட்டார். "அவ ஒண்ணும் சாப்பிடல. மருந்து உறைஞ்சு போச்சு" என்று சொல்லி, கையோடு கொண்டுவந்த டப்பாவை நீட்டினேன். சிஸ்டர் ஒரு சீசாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பார்த்தா ஒண்ணும் தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் குப்பையில் போட்டார். அவர்களுடைய மருந்தை ஏற்ற ஆரம்பித்தார்கள். மணிக்கு ஒரு முறை விரலில் குத்திப் பார்த்தார்கள். முதலில் எழுத்தாக இருந்தது எண்ணாயிற்று. எண் மெதுவாக இறங்கியது. எங்கள் வீட்டில் என்ன செய்தும் இறங்காதது அங்கே இறங்கியது. இதற்கு மேல் எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

வீட்டுக்காரர் சரக்கைப் பாதியில் போட்டுவிட்டு வந்தார். நான் சொன்னதைக் கேட்டார். "ஏளா, நான் தெனமும் பாத்துட்டுத்தான கூட்டுனேன்" என்றார் ஒரே ஒரு தடவை. பிறகு வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். அவரிடம் கோபப்பட என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

மத்தியானம் எனக்குச் சற்று மூச்சு வந்த பிறகு வியாசர்பாடி அம்மாவின் நினைவு வந்தது. என் யோசனையை அவளுக்கும் சொல்லிக் கொடுத்தேனே. போன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். மூன்று, நாலு முறை. அவளுடைய பையனும் ஏதாவது ஒரு வார்டில் கிடக்கிறானோ என்று எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். வேலைக்குப் போன இடத்தில் போன் எடுக்க விடவில்லையாம். நான் அவசர அவசரமாக எல்லாவற்றையும் கொட்டினேன்.

"பாட்டில் தண்ணியெல்லாம் நான் எங்கக்கா வாங்கறது? டம்ளர்ல கொயா தண்ணி புடிச்சு வெச்சேன். போன வாரம் ஒரு நாள் அது ஐஸாயிட்சு. மருந்தத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கியாந்துட்டேன்" என்றாள்.

குழாய்த் தண்ணீரில் ஐஸ் பிடித்துக்கொள்வதற்கு வேண்டிய அழுக்கும் உப்பும் இருந்தன. நான் சீல் உடைக்காத சுத்தமான தண்ணீரைக் காவலுக்கு வைத்தேன். கடைக்காரிக்கு வேறு என்ன தோன்றும், கை நீட்டினால் அதுதான் இருக்கிறது. அன்று வார்டில் உட்கார்ந்து போனில் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அப்படி ஒரேயடியாக உறையும்போது அந்தத் தண்ணீர் கொஞ்சம் சூடாகிறதாம். உறைவதற்கு வேண்டிய அளவைத் தாண்டிக் கீழே போயிருந்த அதன் வெப்பம், உறைந்ததும் அந்த அளவுக்கே ஏறி வந்துவிடுகிறதாம். அதனால்தான் முழுக் கட்டியாகாமல் கூழாக நிற்கிறதாம். அப்படியென்றால் என் காவல் பாட்டில் தண்ணீராகத் தெரிந்த நாளெல்லாம் ஐஸைவிடக் குளிர்ந்துபோய் நின்றிருக்கிறது. நான் அதைக் குனிந்து பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டிருந்தேன். படித்து முடித்து போனை அணைத்துவிட்டேன்.

மறுநாள் காலை அவள் நன்றாக விழித்துக்கொண்டாள். இட்லி கேட்டாள். சுகர் நூற்று அறுபதில் இருந்தது. நான் அவள் கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்தேன். விரல் பதிந்த இடம் மறைந்துவிட்டது. எப்படிக் கேட்பது என்று தெரியாமல் வெகுநேரம் கழித்துக் கேட்டேன்.

"நீ மிட்டாய் தின்னியா?"

"இல்லம்மா."

"பொறவு எதுக்குத் தின்னேன்னு சொன்ன?"

அவள் கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்த குழாயைப் பார்த்தாள். எனக்குக் கோபம் வருமோ என்று யோசித்தாள் போலிருக்கிறது.

"நீ தெரியல தெரியலன்னு அழுதுகினே இருந்த. கை வேற ஆடிச்சு. துன்னேன்னு சொன்னா அடிப்பன்னு தெரியும். ஆனா பயப்பட மாட்டல்ல."

தின்னவில்லை என்று அவளுக்குத் தெரியும். அப்படியென்றால் சுகர் ஏன் ஏறுகிறது என்பது அவளுக்கும் தெரியாது. என் கையில் காரணத்தைக் கொடுத்துவிட்டு, காரணம் இல்லாமல் அவள் மட்டும் இருந்திருக்கிறாள்.

"ஏட்டி, ஒனக்குப் பயமா இல்லியா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு" என்றாள். "அன்னிக்கு நைட்டு நீ கொறட்டை வுட்டு தூங்குன. நான் பாத்துகினே இருந்தேன்."